வசந்த காலத்தில் வீட்டுப் பூந்தோட்டம்: கடலூர், சிதம்பரம் பகுதிகளுக்கு ஏற்ற திட்டமும் நடவும்

கடலூர் ஜில்லாவின் இரண்டு பெரிய ஸ்தலங்களும் மரங்களினால் பெயர் பெற்றவை. கடலூர் நகரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூருக்குப் பாதிரி மரமும், சிதம்பரத்திற்குத் தில்லை மரமும் ஸ்தல விருக்ஷங்களாம். திருப்பாதிரிப்புலியூர் என்னும் பெயரிலும் சிதம்பரத்தின் பழம்பெயரிலும் வரும் புலி, வியாக்கிரபாத முனிவரைக் குறிப்பதென்பது புராணம். வண்டுகள் தீண்டுமுன் வைகறையில் மலர் கொய்ய வேண்டுமென்று விரும்பிய அம்முனிவர், பனியில் நனைந்த மரங்களில் வழுக்காது ஏறுவதற்காகப் புலிக்கால்களை வேண்டிப் பெற்றார் என்று அப்புராணம் கூறும். கதை எவ்வாறாயினும், விடியுமுன் பறித்த மொக்கே வாடாது மணக்கும் என்பது மல்லிகை பயிரிடுவோர் அனைவரும் நாடோறும் காணும் உண்மையாகும்.

இத்தகைய நாட்டில் வீடுதோறும் பூந்தோட்டம் இருக்க வேண்டியது இயல்பே. எனினும் கொல்லையில் போதிய இடமும், வாளி கணக்கில் வீணாய் ஓடும் நீரும் இருந்தும், அன்றாடம் பூவை விலை கொடுத்து வாங்கும் குடும்பங்களே மிகுதி. செடி வைக்கவில்லை என்பது இதற்குக் காரணமன்று. வைத்த செடி தங்கவில்லை என்பதே காரணம். பங்குனியில் ஆசையோடு வாங்கி நட்ட கன்று வைகாசியில் காய்ந்து போகின்றது. அதற்குத் தப்பியது கார்த்திகையில் வேர் அழுகிப் போகின்றது. இரண்டு முறை இவ்வாறு நேர்ந்தபின், "நம் வீட்டு மண்ணில் பூச்செடி வராது" என்று வீட்டார் கைவிட்டு விடுகின்றனர். மண்ணின்மேல் குற்றமில்லை, காலமும் இடமும் தவறியதே குற்றமாகும்.

வசந்தம் என்பது எது?

ஐரோப்பிய தேசங்களில் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களே தோட்டம் போடுங் காலம். அங்கு மாரிக்காலத்தில் உறைபனியினால் இறுகிக் கிடந்த நிலம் அப்போதுதான் இளகிச் சூடேறுகின்றது. அதன்பின் வருங் கோடையும் செடிகளை வாட்டாமல் வளர்க்கும் மிதமான கோடையே. அத்தேசங்களின் தோட்ட நூல்களும் விதைப் பொட்டலங்களின் மேலுள்ள குறிப்புக்களும் வசந்தத்தில் நடுக என்று கூறுவது அவ்விடத்துக்கு முற்றிலும் பொருந்தும்.

நமது கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியுமாகும். அதன் நடுவிலேயே கத்திரி வெயில் அமைந்துள்ளது. இந்த ஜில்லாவில் உறைபனி இல்லை. ஆண்டில் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்து விடுகின்றது. தை பிறந்தபின் ஆனி வரை மழையை நம்புவதற்கில்லை. ஆதலால் இங்கு வசந்தம் பூக்கும் காலமேயன்றி, நீண்ட நாள் நிற்கும் செடிகளை நடும் காலமன்று. மல்லிகை வகைகளை நடுவதற்கு ஜூன் முதல் நவம்பர் வரையிலான காலமே சிபாரிசு செய்யப்படுகின்றது. அதிலும் இவ்விரு தாலூக்காக்களில் ஆடி, ஆவணி மாதங்களே மிகவும் ஏற்றவை. அப்போது இடியுடன் பெய்யும் மாலை மழையில் வேர் பிடித்து விடும். ஐப்பசி அடைமழை தொடங்குமுன் செடி நிலைத்து விடும்.

அப்படியாயின் வசந்தத்தில் செய்ய வேண்டியது யாது? மூன்று காரியங்கள் உண்டு. முதலாவது, இடத்தையும் நீரையும் அளந்து திட்டம் போடுதல். இரண்டாவது, குழி தோண்டி ஆறவிடுதல். மூன்றாவது, மூன்று நான்கு மாதங்களில் பலன் கொடுத்து முடியும் பூக்களை மட்டும் மாசியிலேயே நடுதல். வற்றாத கிணறு உடையவர்கள் மாசி முதற் பாதிக்குள் மல்லிகையையும் நடலாம். ஆயினும் கத்திரி முடியும் வரை ஒவ்வொரு கன்றுக்கும் பனையோலை மறைப்பு வைத்துத் தவறாது நீர் விட வல்லவர்களே அதில் இறங்க வேண்டும்.

முதலில் நீரை அளக்க வேண்டும்

தோட்டத்தின் அளவை நிர்ணயிப்பது இடமன்று, கோடை நீரே. எத்தனை செடி வைக்கலாம் என்பதைச் சித்திரை மாதத்துக் கிணற்றைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். தை மாதத்துக் கிணற்றைப் பார்த்துச் செடி வாங்குபவர் ஏமாறுவர்.

உதாரணமாக, ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பத்தில் ஆளுக்கு 25 லிட்டர் வீதம் குளிக்கும் நீர் 125 லிட்டரும், பாத்திரங் கழுவும் நீர் 30 லிட்டரும், ஆக நாளொன்றுக்கு 155 லிட்டர் வெளியே போவதாகக் கொள்வோம். வளர்ந்த மல்லிகைப் புதர் ஒன்றுக்குக் கோடையில் இரண்டு நாட்களுக்கு ஒரு முறை 10 லிட்டர் விடுவதாயின், 18 புதர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 90 லிட்டர் ஆகும். பத்தடி நீளம் நாலடி அகலமுள்ள மூன்று பாத்திகளுக்குச் சுமார் 45 லிட்டர் வேண்டும். மொத்தம் 135 லிட்டர். எனவே அக்குடும்பத்தின் கழிநீரே இவ்வளவு தோட்டத்தையும் காப்பாற்றும். கிணற்றிலிருந்து தனியாக ஒரு குடம் இறைக்க வேண்டுவதில்லை. வீட்டில் மூவரே இருப்பின் தோட்டத்தையும் அதற்குத் தக்கபடி குறைத்துக்கொள்ள வேண்டும். பத்துச் செடிகளை நன்றாக வளர்ப்பது முப்பது செடிகளை வாட்டுவதைவிட மேலானது.

கழிநீரை நேராகச் செடியின் அடியில் விடலாகாது. சவுக்காரமும் எண்ணெய்ப் பசையும் மண்ணின் துவாரங்களை அடைத்து விடும். குளியலறைக்கு வெளியே இரண்டடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி, கூழாங்கல்லும் மணலும் இட்டு, அதில் கல்வாழையை நெருக்கமாக நட வேண்டும். நீர் அதன் வேர்களினூடே சென்று ஓரளவு தெளிந்து வாய்க்காலில் இறங்கும். கல்வாழையும் சிவப்பாகவும் மஞ்சளாகவும் பூத்து வீட்டுக்கு அழகு செய்யும். நீர் எவ்விடத்தும் தேங்கி நிற்கலாகாது. தேங்கினால் கொசுவுக்கு இடமாகும். துணி துவைத்த சோடா கலந்த நீரைத் தோட்டத்தில் சேர்க்காமல் விலக்குதல் நலம்.

கடலோர ஊர்களில் நீரின் உப்பையும் பார்க்க வேண்டும். தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, கிள்ளை முதலிய இடங்களின் கடலை அடுத்த பாகங்களில் கோடையில் உப்பு மிகும் கிணறுகள் உண்டு. மல்லிகை உப்பைத் தாங்காது. இலை நுனி கருகி உதிரும். நீரைப் பரிசோதனைக்கு அனுப்பித் தெரிந்து கொள்வதே முறை. உப்பு நீரை விட்டு வேறு வழியில்லாதவர்கள் அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி ஆகியவற்றை வைத்துக்கொண்டு, மழை நீரைத் தொட்டியில் சேமித்து அதற்குத் தக்க ஒன்றிரண்டு மல்லிகையை மட்டும் வளர்க்கலாம்.

மூவகை நிலம்

இப்பகுதியின் மண் ஒரே தன்மையானதன்று. கடலூருக்கு மேற்கே கேப்பர் மலையைச் சேர்ந்த மேட்டு நிலம் செம்மண். கடற்கரையை ஒட்டியது மணல். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் கொள்ளிடத்து வண்டல் படிந்த களிமண்.

செம்மண் பூச்செடிகளுக்கு உகந்தது. ஓரடி நீளம், அகலம், ஆழமுள்ள குழி போதும். மணலில் நீரும் எருவும் நில்லா. ஆகவே குழியை ஒன்றரை அடியாக எடுத்து, அடியில் தென்னை நார்க் கழிவும் ஏரி வண்டலும் இட்டு நிரப்புதல் வேண்டும். களிமண்ணில் கோடையில் வெடிப்பும் மாரியில் நீர்த்தேக்கமும் ஏற்படும். அங்கு குழியைவிட மேடே முக்கியம். பாத்திகளைச் சுற்றுத் தரையைவிட முக்கால் அடி முதல் ஓரடி வரை உயர்த்தி, மணலும் மக்கிய எருவும் கலந்து, பாத்திகளுக்கிடையே வடிகால் எடுத்து, அதைத் தெரு வாய்க்கால் வரை கொண்டு போய்விட வேண்டும். கோடை காலத்தில் இந்த வடிகால் வீண் வேலையாகத் தோன்றும். 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் இந்த ஜில்லா பட்ட வெள்ளத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அது வீண் வேலையாகத் தோன்றாது. மல்லிகையின் வேர் நீரில் மூழ்கிப் பல நாள் நின்றால் அழுகும்; அதன்பின் எவ்வுரமும் அதை எழுப்பாது.

குழிகளைப் பங்குனி, சித்திரையில் தோண்டி, மேல்மண்ணை ஒரு புறமும் அடிமண்ணை மறுபுறமும் போட்டு வெயிலில் காயவிட வேண்டும். கத்திரி வெயில் மண்ணிலுள்ள பூச்சி முட்டைகளையும் களைக் கிழங்குகளையும் பெரும்பாலும் அழித்து விடும். இது செலவில்லாத மருந்து. ஆனியில் மேல்மண்ணுடன் குழிக்குப் பத்துக் கிலோ மக்கிய தொழுவுரமும் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்பி, ஒரு மழை பெய்து மண் அமர்ந்தபின் ஆடியில் நடலாம்.

தோட்டத்தின் அமைப்பு

நாற்பதடி நீளமும் முப்பதடி அகலமும் உள்ள கொல்லை ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இது ஏறக்குறைய இரண்டே முக்கால் சென்ட் ஆகும். திட்டம் போடுகையில் வசந்த காலத்து நண்பகலில் நின்று நிழல் எங்கு விழுகின்றது என்று பார்த்துக் குச்சி நட்டு அடையாளம் செய்தல் வேண்டும். மல்லிகைக்கு நாள் முழுதும் வெயில் வேண்டும். தென்னை நிழலில் இலை தழைக்குமேயன்றி மொக்கு வைக்காது. கனகாம்பரம் சிறிது நிழலைத் தாங்கும்.

வெயில் முழுதும் படும் பக்கத்தில் நாலடிக்கு நாலடி இடைவெளியில் 12 குண்டுமல்லிகை. வேலி ஓரமாக ஐந்தடிக்கு ஒன்றாக நான்கு முல்லை. ஒரு சிறு பந்தலின் இரு கால்களில் இரண்டு ஜாதிமல்லி. ஆக 18 புதர்கள். கிணற்றடியை ஒட்டி மூன்று பாத்திகளில் முறையே கனகாம்பரம், சம்பங்கி, செண்டுமல்லி. வாயிற்படிக்கு அருகில் துளசி, மரு, மரிக்கொழுந்து ஆகியவை கதம்பத்துக்கு வாசனை சேர்க்கும். பூஜைக்கு வேண்டிய செம்பருத்தியும் நந்தியாவட்டையும் மூலைக்கு ஒன்றாக நிற்கலாம். இடம் மிகுந்திருப்பவர்கள் பவழமல்லி ஒன்று வைப்பின், அதிகாலையில் மரத்தடியில் பூ தானே பரப்பப்பட்டிருக்கும்.

இந்த அமைப்பில் பெரிய மரங்களுக்கு இடங்கொடாமைக்குக் காரணம் உண்டு. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், இந்த ஜில்லாவின் பலா, முந்திரி, தென்னை மரங்களை ஏராளமாக வீழ்த்தியது. வீட்டை ஒட்டி நிற்கும் மரம் வீழ்ந்தால் கூரையையும் கொண்டு போகும். மகிழம், செண்பகம் முதலிய பூ மரங்களை வீட்டின் உயரத்துக்கு மேற்பட்ட தூரத்தில் வைத்தல் உத்தமம். இடுப்பளவு உயரமுள்ள மல்லிகையைக் காற்று எளிதில் வேரோடு பறிக்காது. கிளை முறிந்தாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

மாசியில் நடத்தக்க பூக்கள்

செண்டுமல்லி, கோழிக்கொண்டை, வாடாமல்லி ஆகிய மூன்றும் வசந்தத்தில் உடனே பலன் காட்டுவன. செண்டுமல்லியைத் துலுக்கசாமந்தி என்றும் வழங்குவர். அது உண்மையில் மெக்ஸிகோ தேசத்திலிருந்து வந்தது. சம்பங்கியும் அத்தேசத்ததே. இன்று கோயில் மாலைகளில் இவை இல்லாத நாளில்லை. நம் மண் வந்தவற்றையும் வாழ வைக்கும் என்பதற்கு இவை சாட்சி. கனகாம்பரமோ தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமானது.

தை மாதத்தில் நாற்றங்காலில் விதைத்துச் சுமார் ஒரு மாத நாற்றானதும், மாலை வேளையில் பறித்து ஒன்றரை அடி வரிசையில் ஓரடிக்குச் சற்று மேற்பட்ட இடைவெளியில் செண்டுமல்லியை நடுக. முதல் மொக்கு கண்டதும் நுனியைக் கிள்ளி விட்டால் பக்கக் கிளைகள் பெருகிப் பூ மிகும். சித்திரைக்குள் நல்ல பலன் எடுத்து விடலாம்.

செண்டுமல்லியில் மற்றோர் அனுகூலமும் உண்டு. அதன் வேர்களிலுள்ள ஒரு பொருள் மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் குறைக்கின்றது. கனகாம்பரத்துக்குப் பெரும் பகை இந்நூற்புழுவே. வேரில் முடிச்சு விழுந்து, இலை வெளிறி, செடி குட்டையாகி மடியும். இதைக் கண்ணுக்குத் தெரியாத காரணத்தால் "கண் பட்டது" என்பாரும் உளர். மாசியில் செண்டுமல்லி நட்ட பாத்தியிலேயே அதைப் பிடுங்கி மக்கவிட்டு ஆடியில் கனகாம்பரத்தை நடுவதாயின் இத்தொல்லை பெரிதும் குறையும். பாத்திகளை ஆண்டுதோறும் மாற்றி வருதலும் இதன் பொருட்டே.

ஆடியில் நடும் செடிகள்

மல்லிகையைப் பதியனிலிருந்தோ, வேர் விட்ட தண்டுக் குச்சியிலிருந்தோ பெறலாம். அயல் வீட்டில் நன்றாகப் பூக்கும் செடியின் தாழ்ந்த கிளையொன்றை வளைத்து, கணுவின் அடியில் சிறிது கீறி மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல் வைத்தால் சில மாதங்களில் வேர் விடும். மாசியில் பதியன் போட்டு ஆடியில் வெட்டி நடுபவர்க்குக் கன்றுச் செலவே இல்லை. வசந்தத்தில் செய்யத்தக்க மிகச் சிறந்த வேலை இதுவே எனலாம். தாய்ச் செடி நன்கு பூப்பதாயும் நோயற்றதாயும் இருத்தல் அவசியம்.

கனகாம்பரத்தை இரண்டடி வரிசையில் ஓரடிக்கு ஒன்றாக நடலாம். டெல்லி கனகாம்பரம் என்னும் வகை விதை வைப்பதில்லை. தண்டை வெட்டி வைத்தே பெருக்க வேண்டும். நாட்டு வகையின் முற்றிய காய்கள் ஈரம் பட்டவுடன் வெடித்துச் சிதறும். விதை வேண்டுவோர் கதிரின் மேல் மெல்லிய துணி கட்டி வைக்க வேண்டும். சம்பங்கிக் கிழங்கு முப்பது கிராம் அளவுள்ளதாய்ப் பார்த்து ஒன்றரை அடி வரிசையில் முக்கால் அடிக்கு ஒன்றாக ஆனியிலேயே ஊன்றலாம். சாமந்தியையும் ஆனி, ஆடியில் ஓரடிக்கு ஓரடி நட்டால் மார்கழி, தைப் பூவுக்கு ஆகும்.

கவாத்தும் உரமும்

மல்லிகை பழைய கிளையில் பூப்பதில்லை. புதுத் துளிரிலேயே பூக்கும். கவாத்துச் செய்யத் தயங்குபவர் இலையையே வளர்ப்பர். குண்டுமல்லிகையை நவம்பர் கடைசி வாரத்தில், மழை ஓய்ந்த இடைவேளை பார்த்து, தரையிலிருந்து ஒன்றரை அடிக்குச் சற்று மேலாக வெட்டிவிட வேண்டும். ஜாதிமல்லியை டிசம்பர் கடைசி வாரத்திலும், முல்லையை ஜனவரி கடைசி வாரத்திலும் வெட்டுக. மூன்றையும் ஒரே நாளில் வெட்டலாகாது. வெவ்வேறு காலத்தில் வெட்டுவதனாலேயே வீட்டில் பூ தொடர்ந்து கிடைக்கும்.

வளர்ந்த செடி ஒன்றுக்குக் கவாத்தின் பின் ஒருமுறையும், ஆனி ஆடியில் ஒருமுறையும் உரம் இடுக. ஒவ்வொரு முறையும் யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், மூரியேட் பொட்டாஷ் 100 கிராம் தண்டைத் தொடாமல் வட்டமாக இட்டு மண்ணைக் கிளறி நீர் விட வேண்டும். இத்துடன் ஆண்டுக்குப் பத்துக் கிலோ தொழுவுரம் தவறலாகாது. நரம்பு பச்சையாயிருக்க இலை மஞ்சளாவது இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம். லிட்டர் நீருக்கு ஐந்து கிராம் அன்னபேதி கரைத்து இலைமேல் தெளிக்கப் பச்சை திரும்பும்.

மொக்கு ஊதா நிறமாகித் துளை காணப்படின் அது மொட்டுப்புழுவின் வேலை. அம்மொக்குகளைப் பறித்து அழித்து, வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசலைத் தெளித்து வருதல் வீட்டுத் தோட்டத்துக்குப் போதுமானது. கடைத் தெருவில் விற்கும் கொடிய விஷ மருந்துகளை வீட்டுப் பூவுக்குத் தெளிக்கலாகாது. இப்பூ குழந்தையின் தலையிலும் தெய்வத்தின் முன்னும் வைக்கப்படுவதென்பதை மறத்தல் கூடாது.

எச்சரிக்கை

அரளி வறட்சியையும் உப்பையும் தாங்கும் நல்ல செடியே. எனினும் அதன் இலை, பூ, தண்டு, வேர் யாவும் விஷம்; இருதயத்தைத் தாக்குவது. கவாத்துச் செய்த அரளித் தழையை மாட்டுக் கொட்டகையின் அருகில் போட்டு மாட்டை இழக்க நேரலாம். அரளியைத் தெருப்புற வேலியில் மட்டும் வைத்து, வெட்டிய தழையை அன்றே புதைத்து விட வேண்டும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அதை வைக்காமலிருப்பதே நலம். தில்லை மரத்தைப் பக்தியினால் வீட்டில் வைக்க விரும்புவோர் சிலர். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். இன்று அது இயற்கையாக விளங்குவது பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டிலேயாகும். அங்கு சென்று தரிசிப்பதே தக்கது.

பலன் எவ்வளவு?

நன்கு பேணப்படும் மல்லிகைத் தோட்டத்தில் ஹெக்டேருக்குச் சுமார் 6,400 செடிகள் நின்று, ஆண்டுக்குச் சுமார் எட்டு டன் பூ கிடைக்கின்றது. செடிக்கு ஒன்றேகால் கிலோ ஆகும். வீட்டில் அதில் பாதியே கிடைப்பதாகக் கொண்டாலும், 12 செடிகளில் ஏழரைக் கிலோ. இதன் பெரும்பகுதி பங்குனி முதல் ஆடி வரை ஐந்து மாதங்களில் வருவதாகக் கணக்கிட்டால், நாளொன்றுக்குச் சராசரி 50 கிராம். ஸ்வாமி படத்துக்கும் வீட்டுப் பெண்மக்களுக்கும் அது போதும். இப்பூவை விலை கொடுத்து வாங்கினால் என்ன ஆகும் என்பதை வீட்டுச் செலவுக் கணக்கு எழுதுபவரே அறிவர்.

மார்கழியிலும் தையிலும் குளிரினால் மல்லிகை குறைந்து விலை ஏறும். சிதம்பரத்தில் மார்கழித் திருவாதிரை உற்சவம் நடைபெறுவதும், தையில் விவாகங்கள் தொடங்குவதும் அச்சமயமே. அப்போது கனகாம்பரமும் சாமந்தியும் கைகொடுக்கும். ஆனித் திருமஞ்சனத்துக்கோ மல்லிகை தானே நிறைந்திருக்கும். உபரியானதை அயலாருக்கோ கோயிலுக்கோ கொடுக்கலாம்; விற்பதாயின் விடியுமுன் பறித்து, ஈரத்துணி சுற்றிய கூடையில் மொக்காகவே சேர்த்தல் வேண்டும். மலர்ந்தபின் அதற்கு விலையில்லை.

கிராம அலுவலர்களுக்கு

பல கிராமங்களில் கோயிலைச் சார்ந்த நந்தவனம் என்று பெயருக்கு ஓரிடம் இருக்கின்றது; அதில் பூவுக்குப் பதிலாகச் சீமைக் கருவேல் நிற்கின்றது. ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் கோயில் நிர்வாகிகளுடன் கலந்து, எல்லையை அளந்து, கருவேலை வேரோடு களைந்து, இவ்வசந்தத்திலேயே குழிகள் எடுக்கச் செய்யலாம். கோயிலில் கழிந்த மாலைகளைக் குளத்தில் எறிந்து நீரைக் கெடுப்பதற்குப் பதிலாக, நார் நீக்கிக் குழியிலிட்டுச் சாணக் கரைசல் தெளித்து மக்கவிட்டால் அந்நந்தவனத்துக்கே எருவாகும். பள்ளிக்கூடக் கிணற்றடியிலும் இவ்வாறு ஒரு பாத்தி போட்டு, வகுப்புக்கு ஒரு வரிசை என ஒப்படைத்தால் பிள்ளைகள் கோடை விடுமுறையிலும் வந்து நீர் விடுவர். விடுமுறையில் நீர் விடும் பொறுப்பு யாருடையது என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதி வைத்தல் அவசியம். பள்ளித் தோட்டங்கள் மடிவது அம்மாதங்களிலேயே.

ஆண்டுக் கணக்கு

தை: செண்டுமல்லி நாற்று விடுதல், முல்லைக் கவாத்து.
மாசி: நாற்று நடுதல், மல்லிகையில் பதியன் போடுதல்.
பங்குனி: நீரையும் நிழலையும் அளந்து திட்டம், குழி தோண்டத் தொடங்குதல்.
சித்திரை, வைகாசி: குழிகளை ஆறவிடுதல்; மூடாக்கு இடுதல்; மாலையில் நீர் பாய்ச்சுதல்.
ஆனி: குழி நிரப்புதல், சம்பங்கி ஊன்றுதல், இரண்டாம் உரம்.
ஆடி, ஆவணி: மல்லிகை வகைகள், கனகாம்பரம் நடுதல்.
புரட்டாசி: களை எடுத்து மண் அணைத்தல், வடிகால்களைச் சுத்தம் செய்தல்.
ஐப்பசி: தேங்கும் நீரை வடித்தல், பந்தலைக் கட்டி உறுதி செய்தல்.
கார்த்திகை: குண்டுமல்லிகைக் கவாத்து, முதல் உரம்.
மார்கழி: ஜாதிமல்லிக் கவாத்து, சாமந்தி அறுவடை.

சித்திரை, வைகாசிக்குரிய மூடாக்கைப் பற்றி ஒரு வார்த்தை கூறுதல் தகும். நட்ட செடியின் அடியில் காய்ந்த கரும்புச் சோகையையோ வேர்க்கடலைத் தொல்லியையோ மூன்றங்குலப் பருமன் பரப்பினால் மண்ணின் ஈரம் எளிதில் ஆவியாகாது. நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு வயல்களில் சோகையைத் தீயிட்டுக் கொளுத்தும் வழக்கமுள்ளவர்கள் இரண்டு கட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தால் போதும்.

கடலூருக்கு அருகில் பாலூரில் 1905-ஆம் ஆண்டு முதல் அரசாங்கத்தின் ஆராய்ச்சிப் பண்ணை இருந்து வருகின்றது. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகர்ப் பல்கலைக்கழகத்திலும் விவசாயப் பகுதி உண்டு. மண், நீர் பரிசோதனைக்கும் நல்ல கன்றுகள் கிடைக்குமிடம் அறிவதற்கும் அந்தந்த வட்டாரத்துத் தோட்டக்கலை அலுவலகத்தை அணுகலாம். அதற்கு முன்பாக, இந்தப் பங்குனியில் ஒரு நாள் தம் வீட்டுக் குளியலறை நீர் எவ்வளவு, அது எங்கே போய்ச் சேருகின்றது என்பதைக் குடும்பத் தலைவர் ஒரு வாளி வைத்து அளந்து பார்ப்பாராக. எத்தனை குழி தோண்ட வேண்டும் என்பதை அந்த அளவே சொல்லும்.